பானையை இறக்காத காப்பி

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கியபோது என் ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு பக்கம் இடுப்பில் ஓர் அட்டைப் பெட்டி. தகரப் பெட்டியைப் போர்ட்டரிடம் கொடுத்தேன். அட்டைப் பெட்டிக்கும் அவர் கை நீட்டியபோது ஒரு முறை முறைத்தேன், பாவம், பின்வாங்கிவிட்டார். ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக ஆட்களை அதட்டியே கழித்தவள் நான். ஊர் மாறினாலும் என் முழி மாறுவதில்லை.

அட்டைப் பெட்டிக்குள் இருந்தது பெர்கோலேட்டர். மலேசியாவில், ஈப்போ ஆஸ்பத்திரியில், எங்கள் மேட்ரன் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன காப்பிக் கெட்டில். உள்ளே தண்ணீர் கொதித்து ஒரு குழாய் வழியாக ஏறும். காப்பித் தூளின் மேல் கொட்டும். மறுபடி கீழே இறங்கி மறுபடி ஏறும். மூடியின் உச்சியில் ஒரு கண்ணாடிக் குமிழ். அதற்குள் காப்பி குதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்து, வேண்டிய அளவு கறுத்ததும் இறக்கிவிட வேண்டியதுதான். கைப்பக்குவம் ஒன்றும் வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று மேட்ரன் சொல்லியிருந்தார்.

என் அக்கா செசிலி விதவை. பொம்மிடிக்கும் கடத்தூருக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில், புருஷன் கட்டிய வீட்டில், ஒற்றை ஆளாக இருந்தாள். ஒரே மகன் சூசை பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மாவுக்குக் கண் மங்கல், காப்பி வைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டுவிட்டது, இன்னொரு தடவை அப்படி ஆனால் என்ன செய்வேன், வீட்டைப் பூட்டி அழைத்து வந்துவிடப் போகிறேன், நான் சொன்னால் கேட்காது, நீங்கள் வந்து சொல்லுங்கள் என்று எனக்கு எழுதியிருந்தான். அக்காவுக்குப் புத்தி சொல்லத்தான் கடல் தாண்டி வந்தேன். பெர்கோலேட்டர், அவர்கள் இருவரும் பெங்களூரில் இருக்கப்போகிற வீட்டுக்கு.

பஸ் பாதி வழியில் புகைந்து நின்றது. டிரைவர் ஒரு தகர டின்னைக் கண்டக்டரிடம் கொடுத்துத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு, ஸ்டீயரிங் மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போனார். ஈப்போவில் பஸ் கொஞ்சம் தாமதமானாலே டிப்போவுக்கு ஃபோன் செய்து சண்டை பிடிக்கிறவள் நான். இங்கே ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. புளிய மரத்தடியில் இறங்கி நின்று அவரவர் மூட்டையைப் பிரித்து நிலக்கடலை உரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒரு கைப்பிடி கிடைத்தது.

எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். நான் பிறந்த ஊரில் பாதிச் சனம் கன்னடம் பேசுகிறவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. “அந்தம்மா பெட்டியைக் கீழே வைக்கவே மாட்டேங்குதே, உள்ளே கோழியா இருக்குமோ?” என்றாள் ஒருத்தி. “கோழின்னா மூச்சுவிட ஓட்டை போட்டிருக்க மாட்டாங்களா? இந்நேரம் செத்திருக்கும்” என்றாள் மற்றவள். பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஊர் விலக்கில் மாட்டு வண்டியோடு ஒருவர் காத்திருந்தார். கழுத்தில் துண்டு, வாயெல்லாம் சிரிப்பு.

“செசிலி அக்கா தங்கச்சிங்களா? நான் எதுத்த வூட்டுச் சின்னசாமிங்க. இந்த பஸ்ஸுலயும் வரலீன்னா வண்டியத் திருப்பிடலாம்னு இருந்தேன். அதுல என்னாங்க, இப்புடி அணைச்சுப் புடிச்சிருக்கீங்க?”

“காப்பி போடற மெஷின்.”

“காப்பிக்கு மெஷினுங்களா! அப்ப குடிக்கறதுக்கும் ஒண்ணு கொண்டாந்திருப்பீங்களே.”

வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். பம்புசெட்டுக்கெல்லாம் கரண்டு வந்துவிட்டதாம், வீடுகளுக்குத்தான் இன்னும் வரவில்லையாம். ராகி இந்த வருஷம் பரவாயில்லையாம். செசிலி அக்காவுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுப்பது அவர் வேலையாம். அதற்குக் கூலியாக தினமும் காலையில் ஒரு லோட்டா காப்பி.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். வண்டிச் சத்தம் நின்றதும் முகமெல்லாம் மலர்ந்து, “வா புள்ள சகாயம்” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் நின்ற இடத்தை விட்டுத் தள்ளி, ஒரு பூவரச மரத்தைப் பார்த்துச் சொன்னாள். மங்கல் என்றுதான் சூசை எழுதியிருந்தான். அவனிடமும் அவள் முழுசாகச் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. எத்தனையோ பேர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தவள் நான். மரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த என் அக்காவைக் கண்டதும் வாசலிலேயே விக்கி விக்கி அழுதுவிட்டேன்.

“சேலத்துல காட்டுனேன். கண்ணு நரம்பு செத்துப் போச்சாம், ஆபரேசனு பண்ணியும் பிரயோசனம் இல்லியாம்” என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி போல. இடது மணிக்கட்டில் தீக்காயம் பளபளவென்று ஆறியிருந்தது.

அன்று சாப்பாடு எதிர் வீட்டிலிருந்து வந்தது. சின்னசாமியின் மனைவி மாதம்மா ராகிக் களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். ஈப்போவில் நாக்கு செத்துப் போயிருந்த எனக்கு அந்தக் குழம்பின் புளிப்பு கண்ணில் தண்ணீர் வரவைத்தது. தினமும் சாப்பாடு அவர்கள் வீட்டில்தானாம். சூசை மாதாமாதம் ராகியும் அரிசியும் வாங்கிப் போட்டுவிடுகிறான்.

“அப்ப காப்பியையும் அவங்களே குடுக்கட்டுமே. நீ எதுக்கு அடுப்புக்கிட்டப் போற?” என்றேன்.

“சோறு யாரு போட்டாலும் திம்பேன். காப்பி நாந்தான் வெப்பேன்” என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் பெர்கோலேட்டரை விறகடுப்பில் ஏற்றினேன். மேட்ரன் கொடுத்த கெட்டிலின் வெள்ளிப் பளபளப்பு கொஞ்ச நேரத்தில் கரிச்சட்டியாகிவிட்டது. அக்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் மூடியைத் தடவிப் பார்த்தாள். குமிழுக்குள் காப்பி குதிக்க ஆரம்பித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“இதோ குதிக்குது பாரு அக்கா! இப்ப மஞ்சளா இருக்கு. கறுத்ததும் எறக்கிடணும்.”

“கறுத்துச்சுன்னு எப்புடித் தெரியும்?”

“கண்ணாடியில பாத்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த சின்னசாமி, “மெஷினு நல்லாத்தான் இருக்குதுங்க. காப்பியில மண்டிதான் இல்ல. மண்டி இல்லாம என்னாங்க காப்பி?” என்று லோட்டாவின் அடியில் தேடிப் பார்த்துவிட்டுப் போனார். மண்டி என்பது அடியில் தங்கும் தூள். அக்கா காலம் காலமாக வைத்த காப்பி அதுதான்: பானையில் தண்ணீரும் தூளும் வெல்லமும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டு, பொங்கி வரும்போது இறக்கி, துணியில் வடிப்பது. பார்வை போன பிறகு பொங்குவது தெரியாமல், நுரை வழிந்து நெருப்பில் விழுந்த சத்தம் கேட்டுப் பதறிப் பானையைப் பிடித்ததில்தான் கை வெந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்து போனோம். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வழியை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தாள். ஊர் இரண்டு தெரு. மாதா கோவிலை ஒட்டி இருப்பது கோவில் தெரு. எங்கள் சபைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். அக்காவின் வீடு மட்டும் நிலத்தை ஒட்டிக் கிணற்றுத் தெருவில், இந்துக் குடியானவர்கள் நடுவே. பெங்களூர் பேச்சை எடுக்க இதுதான் நேரம் என்று ஆரம்பித்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, மகன் கூடவே இருப்பான் என்று அடுக்கினேன்.

“சூசை அப்பா செத்தப்ப நீ ஈப்போவுல இருந்த. உனக்குத் தெரியாது” என்றாள். “விடியக்காலம் உசுரு போச்சு. சாவு வூட்டுல அடுப்பு பத்த வெக்கக் கூடாது. அக்கம்பக்கத்துக் காப்பிதான் வரணும். கெணத்துத் தெருவுல என்னா நெனச்சாங்க? இவங்க கோவிலுச் சனம், கோவிலுத் தெருவுலேர்ந்து வரும், நாம குடுத்தா மொறை தப்பாயிடப் போவுதுன்னு நெனச்சாங்க. கோவிலுத் தெருவுல என்னா நெனச்சாங்க? எதுத்துலயும் பக்கத்துலயும் வூடுங்க இருக்குதே, அவங்க குடுக்காமயா இருப்பாங்கன்னு நெனச்சாங்க. எல்லாரும் வந்தாங்க, எல்லாரும் அழுதாங்க. காப்பி மட்டும் வரல.”

“எவ்வளவு நேரம்?”

“மத்தியானம் பொணத்த எடுக்கற வரைக்கும். எனக்கு ஒண்ணும் தோணல. சூசைதான்... அப்ப சின்னப் பையன். பசிக்குதுன்னு வாயத் தொறந்து கேக்கல. கவுத்து வெச்ச சோத்துப் பானைய நிமித்தி நிமித்திப் பாத்துக்கிட்டு இருந்தான்.”

கோவில் மணி அடித்தது. அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“அன்னிலேர்ந்து எந்தத் தெருவுல சாவு வுழுந்தாலும் மொதக் காப்பி எங்கூட்டுலேர்ந்துதான் போவும். யாரு குடுப்பாங்கன்னு யாரும் யோசிக்க வேணாம். பெங்களூருல நான் குழாயத் தொறந்து வெச்சுக்கிட்டு என்னா பண்றது சகாயம்?”

அன்று பூசையில் எனக்கு மனசு ஓடவில்லை. அக்கா வீட்டுச் சாவுக்கு நான் ஈப்போவிலிருந்து பணம் அனுப்பினேன், பூசைக்குக் கொடுத்தேன். அவள் மகன் பட்டினி கிடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் வெந்த கை வெந்த கைதான். தீக்காய வார்டைப் பார்த்தவளுக்கு இரக்கத்தில் முடிவெடுக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கறாராகச் சொன்னேன்: “சனிக்கிழமை சூசை வர்றான். அதுக்குள்ள கை சுடாம காப்பி வெக்க ஒரு வழி கெடைச்சா நான் உன் கட்சி. கெடைக்கலைன்னா நானே உன் துணிய மூட்டை கட்டுவேன்.”

“சரி” என்றாள் அக்கா.

கடத்தூர் சந்தையில் பித்தளை ஃபில்டர் வாங்கினேன். பாத்திரக்கடைக்காரர் அலமாரியின் பின்னாலிருந்து அதை எடுத்துத் தூசி தட்டினார். “தாலுக்கா ஆபீசுல வேல பாக்கறவங்களுக்குங்களா? ஊருசனம் இதெல்லாம் கேக்கறதில்லீங்க” என்றார். ஃபில்டரில் பொங்குவதற்கு ஒன்றுமில்லை, தூளில் வெந்நீர் ஊற்றி மூடிவிட்டால் தானாகச் சொட்டும் என்ற எண்ணத்தில் நான் வெற்றி பெற்றவளைப் போல பஸ் ஏறினேன். திரும்பும் பஸ் ஒரு சக்கரம் பஞ்சராகி நின்றபோதும் எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த நாள் காலை அக்கா செம்பிலிருந்து வெந்நீரை ஃபில்டரின் வாயில் சாய்த்தாள். அந்தக் குறுகின வாய் அவள் கைக்கு அகப்படவில்லை. பாதித் தண்ணீர் வெளியே ஓடி அவள் கால் பக்கம் வந்தது. நான் அவளை இழுத்துத் தள்ளினேன். அடுத்த தடவை நானே ஊற்றினேன். அது சொட்டி முடிந்ததா என்று தெரிந்துகொள்ள அவள் மேல் பாத்திரத்தைத் தூக்கப் போய் விரலை உதறினாள்.

“போதும் அக்கா” என்று கத்திவிட்டேன். “அடுப்புல ஏத்தறது, கொதிக்கறது, எறக்கறது, ஊத்தறது. எதுல நீ சுட்டுக்க மாட்டே? காப்பின்னாலே பானைய எறக்கித்தான் ஆவணும்.”

அவள் வாயில் வைத்த விரலை எடுத்து, விறகின் நுனியைத் தடவினாள். பிறகு, “பானைய எதுக்கு எறக்கணும்? நெருப்ப எறக்குனா போதாதா?” என்றாள்.

அவளுடைய அடுப்பைக் குனிந்து பார்த்தேன். மண் அடுப்பு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விறகு. அந்த முனை சுடுவதில்லை. அதை இழுத்தால் நெருப்பு வெளியே வந்துவிடும். பானை இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

அப்புறம் எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. ஈப்போவின் சீனர் காப்பிக் கடைகளில் தூளைச் சட்டியில் போட மாட்டார்கள். நீளமான துணிப் பையில் போட்டு வெந்நீரில் ஊறவிடுவார்கள். என் பெட்டியில் இருந்த புது மல்துணியைக் கிழித்து ஒரு பை தைத்தேன். வாயைக் கட்ட நீளமாக ஒரு நூல் கயிறு. துணிப் பைக்குள் தூள் இருந்தால் பொங்கவும் பொங்காது, வடிக்கவும் வேண்டாம்.

இரண்டு நாள் அதிலேயே போயிற்று. பச்சைத் தண்ணீரை ஊற்றிப் பானையை வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பது. மேலே ஒரு தகரத் தட்டு மூடி. தண்ணீர் கொதித்தால் தட்டு தடதடக்கும். தடதடத்ததும் விறகை முன்னால் இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைப்பது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நீளமான அகப்பைக் காம்பால் தட்டைத் தள்ளுவது. பையை உள்ளே இறக்கிக் கயிற்று நுனியைப் பிடித்துக்கொள்வது. எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதற்கு நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா ஜெபமாலையை எடுத்தாள். பத்து மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடித்தால் காப்பி சரியாக இறங்கியிருந்தது. பையைக் கயிற்றோடு தூக்கிவிட்டு, வெல்லம் போட்டு, அகப்பையால் மொண்டு ஊற்ற வேண்டியதுதான். அவள் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் குடித்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை நான் அடுப்பங்கரைக்குள் போகவே இல்லை. வாசலில் சின்னசாமியோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே தட்டு தடதடத்தது, விறகு இழுபட்டது, முணுமுணுவென்று ஜெபம் கேட்டது. அக்கா சுவரைத் தடவிக்கொண்டு லோட்டாவோடு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். “மண்டி இல்ல” என்றார். இன்னொரு வாய் குடித்தார். “பரவால்லக்கா. பழகிக்கறேன்.”

அவர் பழகிக்கொள்ள நாள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை அதே இடத்தில் காப்பி குடித்துவிட்டு மோட்டார் போடப் போனார். சற்று நேரத்தில் மாதம்மா என் பெயரைச் சொல்லி அலறினாள். நான் ஓடியபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் வரப்பில் மார்பைப் பிடித்தபடி சரிந்து கிடந்தார். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். நெஞ்சை அழுத்தினேன், வாயோடு வாய் வைத்து ஊதினேன். மாதம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தை மூடியபோது அவள் என்னைத்தான் அடித்தாள், தோளில், திரும்பத் திரும்ப. நான் விலகவில்லை.

அவரை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது அக்கா தட்டித் தடவி அங்கே வந்து சேர்ந்திருந்தாள். மாதம்மாவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பி, “சகாயம், காப்பி” என்றாள்.

சாவுக் காப்பிக்கென்று அக்கா வைத்திருந்த பெரிய பாத்திரத்தை அவள் வீட்டு அடுப்பில் நான் ஏற்றினேன். தெருவே கூடியிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். காப்பி இறங்கியதும், அவர்களுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று ஈப்போவிலிருந்து கொண்டுவந்த டின் பாலைத் திறந்து அத்தனையையும் அதில் கலந்தேன். ஈப்போவில் துக்க வீட்டிலும் அப்படித்தான் கொடுப்பார்கள். லோட்டாக்களில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். யாரும் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்கள்.

அக்கா முகத்தை உயர்த்தினாள். “பாலு வாசன வருது.”

“பொணம் எடுக்காத வூட்டுல பாலு ஆவாதுங்க” என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி, என் மனம் நோகக் கூடாதே என்று மிக மெதுவாக. புது வீடு குடிபோகும்போது பொங்கவிடுகிற பாலைச் சாவு வீட்டில் கொண்டுவந்து நீட்டியிருக்கிறேன். பிறந்த மண்ணை விட்டுப் போனவளுக்கு இது மறந்தே போயிருந்தது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. மாதம்மாவை இன்னொருத்தி மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். “வூட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்றாள்.

நான் பாத்திரத்தைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைத்தேன். அதற்கு மேல் என்னை அவள் தொடவிடவில்லை. தூளைக் கையாலேயே அள்ளிப் பையில் போட்டாள், கயிற்றைக் கட்டினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தப் பாத்திரத்துக்கு நெருப்பு பெரிதாக எரிந்தது. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த சூசை, பையைத் தோளில் மாட்டியபடியே வாசலில் வந்து நின்றான். கண் தெரியாத அம்மா அந்த நெருப்பின் முன்னால் குந்தியிருப்பதைப் பார்த்தான்.

“அம்மா!” என்று பாய்ந்தான். நான் குறுக்கே விழுந்து அவன் கையைப் பிடித்தேன்.

“தொடாத சூசை. நின்னு பாரு.”

“கை வெந்துடும் சின்னம்மா! இதுக்கா உங்கள வரச் சொன்னேன்?”

“யாருடா செத்தது தெரியுமா? எதுத்த வூட்டுச் சின்னசாமி.”

அவன் தோள்பையைக் கீழே இறக்கினான். தட்டு தடதடக்க ஆரம்பித்தது. அக்கா முன்பக்கம் தடவி விறகின் நுனியைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்தாள். தண்ணீர் தெளித்தாள். புகை கிளம்பி எங்கள் மூவரையும் மூடியது. அகப்பைக் காம்பால் தட்டைத் தள்ளி, பையை இறக்கினாள். கயிற்றை ஒரு கையிலும் ஜெபமாலையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, சின்னசாமியின் பெயரைச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கினாள். எந்தக் கோவிலிலும் தனக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்காதவர் அவர். சூசை நின்றுகொண்டே இருந்தான். பாதியில் அவனும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தான்.

பையைத் தூக்கி, வெல்லத்தைப் போட்டுக் கலக்கியதும், “யாராவது தூக்குங்க, இதத் தூக்கிக்கிட்டு என்னால தடவி நடக்க முடியாது” என்றாள். சூசை துணியைச் சுற்றிப் பாத்திரத்தைத் தூக்கினான். தெருவைக் கடக்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். சின்னசாமிக்காக மட்டும் அழுகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிர் வீட்டில் மாதம்மாவின் மகளிடம் முதல் லோட்டாவை அவனே நீட்டி, “குடி பாப்பா, பசிக்கும்” என்றான். அவள் குடித்தாள். பிறகு எல்லோரும் குடித்தார்கள்.

மறுநாள் பூசை முடிந்து வந்தவன் பெங்களூரைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சுத்தியல் கேட்டான். அடுப்புக்கு மேலே சுவரில், அக்காவின் கைக்கு எட்டுகிற உயரத்தில், கயிற்று நுனியை மாட்டிவைக்க ஓர் ஆணி அடித்தான். அவளை எழுப்பி நிற்கவைத்து, கையைப் பிடித்து, ஆணி இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினான். அக்கா அதைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“அந்த மெஷின நீ எடுத்துட்டுப் போ” என்றாள் அவனிடம். “பெங்களூரு ரூமுல வெச்சுக் குடி. உனக்குத்தான் கண்ணு இருக்குதே.”

அதற்குப் பிறகு சில வருஷம் அக்கா அதே வீட்டில்தான் இருந்தாள். கை ஒருமுறையும் வேகவில்லை. ஒரு மழைக்காலக் காய்ச்சலில், சூசைக்குத் தந்தி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள். எனக்குத் தந்தி வந்த அன்று ஈப்போவில் நான் அடுப்பு பற்றவைக்கவில்லை. இந்த வழக்கம் அங்கே யாருக்கும் தெரியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே அவள் வீட்டுக்கு யார் கொடுத்தார்கள் என்ற ஒரே நினைப்புதான். கொடுக்கிறவளே போய்விட்டாள். மறுபடியும் இந்தத் தெரு அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்குமோ?

லீவு கிடைத்துக் கல்லறைத் திருநாளுக்குத்தான் போக முடிந்தது. பொம்மிடி ஸ்டேஷனில் சூசை நின்றிருந்தான். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டான். அவள் சாவுக்குக் காப்பி வந்ததா என்று கேட்கத் தைரியம் இல்லாமல் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடந்தேன். அவனே சொன்னான்.

“நான் வந்து சேரும்போது நல்லா வெளிச்சமாயிடுச்சு சின்னம்மா. வாசல்ல கால் வெக்க எடமில்ல. எல்லாம் காப்பிப் பானைங்க. மாதம்மா அக்கா வூடு, கெணத்துத் தெருவுல அத்தன வூடு, கோவிலுத் தெருவுல அத்தன வூடு. யாரும் யாரையும் கேக்கல. ஆளாளுக்குக் கொண்டாந்து வெச்சிருந்தாங்க.”

“பாலு?” என்றேன்.

“ஒரு பானையிலயும் இல்ல. எல்லாத்துலயும் வெல்லந்தான்.” பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். “நான் ஒவ்வொரு பானையிலயும் ஒரு வாய் குடிச்சேன் சின்னம்மா. ஒண்ணயும் வுடல.”